காதில் தொடங்கும் வாசிப்பு: வன்னியில் புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு

சாதாரண தரப் பரீட்சையோடு புத்தகத்தை மூடி வைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். வாசிக்க ஆசை இருக்கிறது. எடுத்தால் நாலு பக்கத்தில் நித்திரை வருகிறது. எதை எடுப்பது என்றும் தெரியவில்லை. மல்லாவியில் கடை வைத்திருப்பவர், தருமபுரத்தில் தையல் செய்பவர், ஒட்டுசுட்டானில் வயல் செய்பவர், வவுனியாவுக்கு வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளை, இவர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிப்பைக் காதில் இருந்து தொடங்குங்கள். முதலில் ஒரு கதையைக் கேளுங்கள். அப்புறம் கேட்ட அதே கதையை வாசியுங்கள். அதன் பிறகு கேட்காத ஒன்றை எடுங்கள். இந்த ஒழுங்கு மாறினால்தான் பலர் நாலாம் பக்கத்தில் நின்றுபோகிறார்கள்.

முதற்படி: கேட்பது

எங்கள் பெரியவர்கள் புத்தகத்துக்குள் வந்த வழியும் இதுதான். கோயிலில் புராணபடனம் நடக்கும்போது ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்வார், அதாவது பாட்டின் பொருளை விளக்குவார். எழுத்துத் தெரியாத ஆச்சிமாருக்கும் கந்தபுராணக் கதை தலைகீழாகத் தெரிந்திருந்தது அதனால்தான். கார்த்திகையில் தொடங்கி மார்கழிக்குள் போகும் 21 நாள் பிள்ளையார் கதையும் அப்படியே, ஒருவர் வாசிக்க ஊர் இருந்து கேட்கும். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்குக் கண்ணகி கதையை யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பிறகு இலங்கை வானொலி வந்தது. அதன் நாடகங்களையும் ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியையும் கேட்ட தலைமுறை, ஒரு கதை எங்கே திரும்பும், எங்கே முடியும் என்பதைக் காதாலேயே பழகிக்கொண்டது. 2017இல் பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றபோது எங்கள் வீடுகளில் எத்தனை பேர் கவலைப்பட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கேட்கிற பழக்கம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் புத்தகத்தின் பக்கம் திருப்பினால் போதும்.

இப்போது கைபேசியில் தமிழ்ச் சிறுகதைகளை வாசித்துப் பதிவிடுபவர்கள் பலர் இருக்கிறார்கள். யூடியூபிலும் பொட்காஸ்ட் செயலிகளிலும் தேடினால் கிடைக்கும். தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எழுத்தாளர் எழுதியதை வரிக்கு வரி வாசிக்கும் பதிவும் இருக்கிறது, கதையைச் சுருக்கித் தன் சொல்லில் சொல்லும் பதிவும் இருக்கிறது. சுருக்கம் கேட்டால் கதை தெரியும், வசனம் பழகாது. வாசிக்கத் தொடங்குபவருக்கு வேண்டியது அந்த வசனத்தின் பழக்கம்தான். ஆகவே முழுதாக வாசிப்பவரைத் தேடுங்கள். குரல் பிடிக்கவில்லை என்றால் வேறு குரலுக்குப் போங்கள், அதில் கூச்சம் வேண்டாம். வேகத்தைக் கூட்டிக் கேட்காதீர்கள்.

கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் முடியும் சிறுகதைகளாக நாலைந்தை, வைபை கிடைக்கும் இடத்தில் வைத்துப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். உள் கிராமங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும். கதை நடுவில் சுற்றிக்கொண்டு நின்றால் கேட்கும் மனமும் போய்விடும்.

கை வேலையாகவும் மனம் சும்மாவும் இருக்கும் நேரமே கேட்கச் சரியான நேரம். கச்சான் உடைக்கும்போது, மிளகாய்க்குக் காம்பு கிள்ளும்போது, தையல் மெசினில் இருக்கும்போது, சமைக்கும்போது கேட்கலாம். கிளிநொச்சியில் இருந்து வவுனியாவுக்குப் பேருந்தில் போகும்போது ஒரு நீண்ட கதை முடிந்துவிடும். கேட்கக்கூடாத இடங்களும் உண்டு. ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோ சைக்கிளோ ஓடும்போது காதில் ஒன்றும் இருக்கக்கூடாது. இரவில் வயற்காவலுக்குப் போய்க் கொட்டிலில் இருப்பவர் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு கேட்கவே கூடாது. யானை கொப்பு முறிக்கிற சத்தமும் பன்றி வேலியை இடிக்கிற சத்தமும் உங்களுக்குக் கேட்டாக வேண்டும். அங்கே கேட்பதானால் கைபேசியின் ஒலிபெருக்கியில் மெதுவாக விட்டுக் கேளுங்கள்.

இரண்டாம் படி: கேட்டதையே வாசிப்பது

கேட்டுப் பிடித்த கதையை எழுத்தில் தேடி எடுத்து வாசியுங்கள். கதை முன்பே தெரியும் என்பதால் அடுத்தது என்ன என்ற அவசரம் இராது, கண் நிதானமாக வரியில் நிற்கும். கேட்கும்போது தவறவிட்ட வரிகள் இப்போதுதான் தெரியவரும். இப்படி நாலைந்து கதை போனால், வாசிக்கும்போது உங்களுக்குள்ளேயே ஒரு குரல் ஓடத் தொடங்கும். அது வந்துவிட்டால் பதிவுகளின் துணை இல்லாமலே வாசிக்கலாம்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் பாயைப் போட்டு, ஒரு பக்கத்தை நீங்கள் சத்தமாக வாசியுங்கள், மற்றப் பக்கத்தைப் பிள்ளை வாசிக்கட்டும். புராணபடனத்தில் பயன் சொன்னது போல, கடினமான இடத்தில் நிறுத்தி உங்கள் சொல்லில் சொல்லலாம். அம்மம்மா இருந்தால் இன்னும் நல்லது. பழைய சொற்களுக்கு விளக்கம் கேட்க அவரைவிட நல்ல அகராதி இல்லை.

புத்தகம் எங்கே கிடைக்கும்

முதலில் உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலைக்குப் போங்கள். அநேகமாகப் பத்திரிகை மட்டும்தான் இருக்கும், பரவாயில்லை. ஞாயிறுப் பத்திரிகையின் சிறுகதைப் பக்கமே தொடக்கத்துக்குப் போதும்.

அடுத்தது பிரதேச சபை நூலகம். கரைச்சி, புதுக்குடியிருப்பு, கரைத்துறைப்பற்று, துணுக்காய், மாந்தை கிழக்கு, பூநகரி என்று உங்கள் பகுதி எந்தச் சபைக்கு உட்பட்டதோ, அங்கே நூலகம் எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று விசாரியுங்கள். அங்கத்துவ விதிகள் சபைக்குச் சபை மாறும். வதிவிட உறுதிப்படுத்தல் கேட்கலாம், ஒரு சிறு வைப்புப் பணமும் கேட்கலாம். அடையாள அட்டையோடு போய்ப் படிவத்தை வாங்கி, என்னென்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தால் இரண்டாவது தடவையில் வேலை முடிந்துவிடும். ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் நூலகங்களில் கண்காட்சி, போட்டி என்று ஆள் நடமாட்டம் கூட இருக்கும். கூச்சப்படுபவர் அந்த மாதத்தில் முதல் முறை உள்ளே போகலாம்.

உள்ளே போனால் அலுமாரியைப் பார்த்து மலைக்க வேண்டாம். பெரும்பாலான நூலகங்கள் தூயி தசமப் பகுப்பு முறையில் புத்தகங்களை அடுக்கியிருக்கும். புத்தகத்தின் முதுகில் 894.811 என்று தொடங்கும் எண் இருந்தால் அது தமிழ் இலக்கியம். 630 விவசாயம். இலங்கை வரலாறு 954.93. இந்த மூன்று எண்ணையும் கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டால் நேரே போய் எடுக்கலாம். நூலகரிடம் பேசுங்கள். “சின்னக் கதையாக, விளங்குகிற தமிழில் ஒன்று தாங்கோ” என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். புத்தகத்தைப் பற்றி யாரும் கேட்காமல் இருப்பதுதான் அவர்களுக்கு அலுப்பு.

இனி இணையம். 2009 வரையான இடப்பெயர்வுகளில் வன்னி வீடுகளில் இருந்த புத்தகங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. சனம் உயிரைக் கொண்டு ஓடும்போது புத்தகத்தையா தூக்கும். அப்படிப் போனவற்றில் பலவற்றை இன்று திரும்பப் பார்க்க முடிகிறது என்றால் அதற்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகமே காரணம். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் என்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் அங்கே இலவசமாகக் கிடக்கின்றன. உங்கள் ஊரின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். உங்கள் பாடசாலையின் பழைய மலர் ஒன்று அகப்பட்டால், அதில் தெரிந்த பெயர்களைத் தேடியே ஒரு பின்னேரம் போய்விடும். வாசிப்புக்குள் இழுத்துவர இதைவிட நல்ல கொக்கி எனக்குத் தெரியாது.

பழந்தமிழ் நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளத்தில் புதிய நூல்களும் கைபேசிக்கு ஏற்ற அளவில் கிடைக்கின்றன.

ஒரு தொழில்நுட்ப விசயம் இங்கே முக்கியம். ‘நூலகம்’ தளத்தில் உள்ளவை பெரும்பாலும் பக்கங்களைப் படமாக எடுத்தவை. சிறிய திரையில் எழுத்துப் பொடியாகத் தெரியும். கைபேசியைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்து, பக்கத்தைப் பெருப்பித்து, மேலிருந்து கீழே நகர்த்தி வாசியுங்கள். மதுரைத் திட்டத்தில் இருப்பவை தட்டச்சு செய்த எழுத்துகள். இவற்றை அன்ட்ரோய்ட் கைபேசியே வாசித்துக் காட்டும். அமைப்புகளுக்குள் போய் எழுத்தைப் பேச்சாக்கும் வசதியில் தமிழைத் தேர்ந்து, தமிழ்க் குரலை ஒரு முறை பதிவிறக்கிவிட்டால் பிறகு டேட்டா இல்லாமலும் வாசிக்கும். இயந்திரக் குரல்தான், உணர்ச்சி இராது. ஆனால் கட்டுரைகளுக்குப் போதுமானது, கண்பார்வை குறைந்த பெரியவர்களுக்கு மிகவும் உதவும். படமாக இருக்கும் பக்கங்களை அந்த வசதி வாசிக்காது. “என் போனில் வேலை செய்யவில்லை” என்று பலர் விட்டுவிடுவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

மூன்றாம் படி: எதை வாசிப்பது

தொடங்குபவருக்குத் தன் மண்ணில் நடக்கும் கதையே நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காடு, குளம், வயல் என்று எழுத்தாளர் சொல்லும்போது நீங்கள் கற்பனைக்குக் கஷ்டப்படத் தேவையில்லை. பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரேயொரு நாவல் சொல்லு என்றால் பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யைச் சொல்வேன். 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. தண்ணிமுறிப்புப் பக்கத்துக் காட்டோரத்தில், பதஞ்சலி என்ற இளம் பெண்ணைச் சுற்றி நடக்கும் கதை. பெரிய நாவல் இல்லை. பேச்சு எங்கள் பேச்சு. வேட்டை, விதைப்பு, வெள்ளாமை எல்லாம் தெரிந்த ஒருவர் எழுதியது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். காட்டுத்தொழில் செய்யும் ஒருவர், “நாவல் எல்லாம் பட்டணத்து ஆக்களுக்கு” என்று நினைப்பவர் என்றால், அவருக்கு முதலில் இதைக் கொடுங்கள்.

பரந்தன், குமாரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வியின் ‘பச்சை வயல் கனவு’ கிளிநொச்சி மண்ணில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் கதை. அப்பப்பா எப்படி இங்கே வந்தார் என்று வீட்டில் கதை கேட்டிருப்பவர்கள் இதை ஒரே மூச்சில் வாசிப்பார்கள். நாவல் நீளம் என்று தோன்றினால் அவருடைய சிறுகதைகளில் இருந்து தொடங்கலாம். செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ வன்னிக் கிராமத்துச் சனம் சுரண்டப்படுவதைப் பற்றியது. கோபத்தோடு வாசிக்க வைக்கும்.

வரலாற்றில் ஆர்வம் உள்ளவருக்கு முல்லைமணியின் ‘பண்டாரவன்னியன்’ நாடகம். 1803இல் வன்னியின் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயப் படையிடம் தோற்ற இடம் என்று சொல்லும் கல் கற்சிலைமடுவில் நாட்டப்பட்டது. ஒட்டுசுட்டான் பக்கம் போகும்போது அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து வாசித்தால் வேறு மாதிரி இருக்கும். நாடகம் என்பதால் நாலு பேர் சேர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துச் சத்தமாக வாசிக்கலாம். இளைஞர் கழகங்களுக்கு இதை நான் விசேடமாகச் சிபாரிசு செய்கிறேன். ஆங்கிலம் ஓடுமென்றால், ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டைத் தேடுங்கள். அரச அதிகாரியின் கண்ணால் எழுதப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊர்களின் அன்றைய நிலையை அவ்வளவு விபரமாக வேறு எங்கும் பார்ப்பது அரிது.

கவிதை என்றால் பயப்படுபவர்கள் ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் (உருத்திரமூர்த்தி) ‘குறும்பா’வைப் பாருங்கள். 1966இல் வந்தது. ஒவ்வொன்றும் சில வரிகள்தான், வாய்விட்டு வாசித்தால் சிரிப்பு வரும், பிள்ளைகள் உடனே பாடமாக்கிவிடுவார்கள். சிரித்து வாசிக்க உரைநடை வேண்டுமென்றால் அ. முத்துலிங்கம். கொக்குவிலில் பிறந்து பல நாடுகளில் வேலை செய்தவர், எழுத்தில் ஒரு முடிச்சும் இராது. சிங்களக் கிராமத்து வாழ்க்கையை அறிய விரும்புபவருக்கு மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’, ‘கிராமப் பிறழ்வு’ என்ற பெயரில் தமிழில் இருக்கிறது.

போரைப் பற்றிய எழுத்துக்கு வருகிறேன். வன்னியைப் பற்றிச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. நிலாந்தன், கருணாகரன் போன்றவர்கள் வன்னிக்குள் இருந்தே எழுதினார்கள். அந்தக் கவிதைகளை ஒருநாள் நீங்கள் வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் இழப்பைக் கண்ட வீட்டில் இருப்பவர் வாசிப்பை அங்கிருந்து தொடங்க வேண்டாம். இரவில் தனியே வாசிக்கவும் வேண்டாம். பகலில், ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது வாசியுங்கள். தாங்காது என்று தெரிந்த இடத்தில் மூடி வையுங்கள். பாதியில் மூடுவது தோல்வி ஆகாது. அந்தப் புத்தகம் அங்கேயே இருக்கும், நீங்கள் பிறகு வரலாம். இன்னொருவருக்கு அத்தகைய புத்தகத்தைக் கொடுக்க முன், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லி, “வாசிக்க ஏலுமோ?” என்று கேட்டுவிட்டே கொடுங்கள். போர் முடிந்த மே மாதத்தில் கொடுக்காமல் இருப்பது நல்லது.

நேரம்

தினமும் ஒரு மணிநேரம் என்ற அறிவுரை பட்டணத்துக் கால அட்டவணைக்குச் சரி. எங்கள் வருடம் போகத்தோடு ஓடுவது. காலபோக விதைப்பு நேரமும் அறுவடை நேரமும் வாசிக்க முடியாது, அப்போது கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழை விடாமல் பெய்யும் கார்த்திகை, மார்கழியில் வெளிவேலை குறையும். சிறுகதைகளுக்கு அது நல்ல காலம். மின்சாரம் போகும் என்பதால் அச்சுப் புத்தகம் ஒன்றும் சார்ஜ் லாம்பு ஒன்றும் கைவசம் இருக்கட்டும். அறுவடை முடிந்து சிறுபோகம் தொடங்கும் வரையான இடைவெளியை நாவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாலாம் படி: மற்றவருக்குச் சொல்வது

வாசித்த புத்தகத்தை இன்னொருவருக்குச் சொல்லும்போதுதான் அது உங்களுக்கு முழுதாக விளங்குகிறது. “நல்ல புத்தகம், வாசியுங்கோ” என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வாசிக்க மாட்டார்கள். ஒரு ஆளை மனதில் நினையுங்கள். ஒரு கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரியில் கதை எங்கே, யாருக்கு நடக்கிறது. இரண்டாவதில் உங்களைப் பிடித்து வைத்த ஒரு இடம். மூன்றாவதில் இதை யாருக்குக் கொடுப்பேன், ஏன். மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு யாருக்கும் சொல்ல வேண்டாம். முடிவைச் சொல்லிவிடாதீர்கள். அலுப்பாக இருக்கும் பகுதி இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். “முதல் முப்பது பக்கம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ” என்று சொன்னால் கேட்பவர் உங்களை நம்புவார்.

கைபேசியில் அனுப்புவதானால் பெரிய கோப்பைத் தூக்கி அனுப்பாமல், பிடித்த ஒரு பத்தியை நீங்களே வாசித்துக் குரல் பதிவாக அனுப்புங்கள். இரண்டு நிமிடம் போதும். மாமிக்கும் சித்தப்பாவுக்கும் உங்கள் குரல் தெரியும், கேட்பார்கள். அப்புறம் அவர்களே “மிச்சம் எங்கே?” என்று கேட்பார்கள். இப்படி நாலு பேர் சேர்ந்தால் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் வாசிகசாலையில் இருந்து பேசலாம். தேத்தண்ணியும் ஒரு புத்தகமும் போதும், மேடை, மாலை, தலைமையுரை எதுவும் வேண்டாம்.

புத்தகத்தைக் காப்பது

எங்கள் மண்ணில் கறையான்தான் பெரிய எதிரி. புத்தகத்தை நிலத்திலோ சுவரோடு ஒட்டியோ வைக்கக்கூடாது. இறாக்கையைச் சுவரில் இருந்து ஒரு கை தள்ளி வையுங்கள். மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி, காய்ந்த வேப்பிலை வைத்து அடுக்குங்கள். மழைக்காலத்தில் ஈரம் பிடித்தால் நேர் வெயிலில் போடாமல் நிழலில் விரித்துக் காயவையுங்கள். வெயிலில் போட்டால் தாள் முறுகும்.

இரவல் கொடுக்கும்போது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் புத்தகத்தின் பெயர், வாங்கியவரின் பெயர், திகதி எழுதுங்கள். வாங்குபவர் முன்னாலேயே எழுதுங்கள், யாரும் பிழையாக எடுக்க மாட்டார்கள். திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டு, அவர் சொன்னதையும் அந்த வரியின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை அவருக்கு என்ன புத்தகம் கொடுப்பது என்று அந்த வரியைப் பார்த்தாலே தெரியும்.